தரகரை விரட்டினால் தக்காளிக்கு விலை வந்துவிடுமா?

விலை சரிந்து, விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டும் படம் ஒன்று வெளிவந்துவிட்டால் போதும். “இடைத்தரகரை ஒழித்துக்கட்டுங்கள், விவசாயி தானாகப் பிழைத்துக்கொள்வார்” என்ற பேச்சு அன்று மாலைக்குள் எல்லாப் பக்கமிருந்தும் கிளம்பிவிடும். தொலைக்காட்சி விவாதத்தில் இதைக் கேட்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்கிறேன், புதிதாகக் காய்கறி வணிகம் தொடங்கும் நிறுவனங்களின் விளம்பரங்களில் படிக்கிறேன். விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்தப் பேச்சு கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் கூடுகிறது. இதை நம்புகிறவர்கள் செய்யவேண்டிய வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பழிபோட ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் தரகர் என்று யாரைச் சொல்கிறோம்? தோட்டத்துக்கே வந்து காயை மொத்தமாக விலைபேசி எடுத்துக்கொள்கிற வியாபாரி ஒருவர். ஒட்டன்சத்திரத்திலோ கோயம்பேட்டிலோ கடை வைத்து, விவசாயி அனுப்பிய சரக்கை ஏலத்தில் விற்றுக் கொடுத்துக் கமிஷன் பிடித்துக்கொள்கிற மண்டிக்காரர் இன்னொருவர். மண்டியிலிருந்து எடுத்துப்போய்த் தெருவில் விற்கும் சில்லறைக் கடைக்காரர் மூன்றாமவர். மூவரையும் ஒரே வசவில் அடக்குகிறோம். தோட்டத்து வியாபாரிக்கு விலை தாழ்ந்தால் ஆதாயம். மண்டிக்காரரின் நிலைமை வேறு. காய்கறி மண்டிகளில் பரவலாக நூற்றுக்குப் பத்து ரூபாய் கமிஷன் பிடிக்கிறார்கள். பெட்டி ஆயிரத்துக்குப் போனால் அவருக்கு நூறு, நூறுக்குப் போனால் பத்து. விலையை அடித்து வீழ்த்த அவருக்கு என்ன தேவை இருக்கிறது?

2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றுச் சமாளித்தது. அந்த விலையைப் பார்த்து ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆளாளுக்கு நாற்று நட்டார்கள். நட்ட எழுபது எழுபத்தைந்து நாளில் தக்காளி பறிப்புக்கு வந்துவிடும். செப்டம்பரில் எல்லாக் காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தது, பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு விழுந்தது. ஜூலையில் இருந்த அதே மண்டிகள், அதே தரகர்கள், அதே கமிஷன்தான் செப்டம்பரிலும் இருந்தன. மாறியது வரத்து ஒன்றுதான். விலையைத் தரகர் தீர்மானிக்கிறார் என்றால், ஜூலையில் விவசாயிக்கு அள்ளிக் கொடுத்தவரும் அவர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை யாரும் சொல்லக் காணோம்.

“அப்படியானால் நாங்கள் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024-ல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரைகள் இதைக் கணக்கிட்டன. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. இந்த எண்களை மேடையில் வீசுகிறவர்கள் மீதி 67 காசும் ஒரே ஆளின் மடியில் விழுவதுபோலப் பேசுகிறார்கள். அந்த 67 காசுக்குள் வண்டி வாடகை இருக்கிறது, ஏற்று இறக்குக் கூலி இருக்கிறது, பெட்டி வாடகை, கமிஷன், நசுங்கி அழுகிக் கழிந்த காயின் விலை, சில்லறைக் கடையின் வாடகை, விற்காமல் மிஞ்சியதன் நட்டம் எல்லாம் இருக்கின்றன. தரகரை எடுத்துவிட்டால் லாரி சும்மா ஓடாது. அந்த வேலையை வேறொருவர் செய்வார், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

பாலில் விவசாயிக்குச் சுமார் 70 காசு கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. அங்கே ஊருக்கு ஊர் கொள்முதல் சங்கம் இருக்கிறது, குளிரூட்டும் நிலையம் இருக்கிறது, மிஞ்சிய பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றும் ஆலை இருக்கிறது. யாரையும் விரட்டியதால் வந்த 70 காசு அல்ல அது. இடையில் இருக்கும் வேலைகளை விவசாயிகளின் சங்கமே எடுத்துச் செய்ததால் வந்தது.

இனி விஷயத்தின் வேருக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் காய்கறி விவசாயி ஏன் ஒரே மண்டிக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்? பக்கத்து மண்டியில் பெட்டிக்கு முப்பது ரூபாய் கூடுதலாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும், கையில் செல்போன் இருக்கிறது. இருந்தும் போகமாட்டார். நாற்று வாங்கவும் குச்சி ஊன்றவும் மருந்தடிக்கவும் அந்த மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். சரக்கு அங்கேதான் போயாக வேண்டும். மண்டிக்காரர் விற்பனையாளராக மட்டும் இருந்திருந்தால் விவசாயி எப்போதோ கைமாறியிருப்பார். கடன் கொடுத்தவராகவும் இருப்பதால் முடியவில்லை.

இந்த முன்பணத்துக்குப் பல இடங்களில் வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. “வட்டியில்லாமல் கொடுத்தார்” என்று விவசாயிகள் நன்றியோடு சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய் முன்பணம், நான்கு மாதம். அந்தப் பருவத்தில் 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பட்டவர் என்பதால் எடைக் கழிவிலும் ஏல விலையிலுமாக நூற்றுக்கு ஐந்து ரூபாய் குறைந்தாலே 10,000 போயிற்று. நான்கு மாதத்துக்கு 20 சதவீதம், ஆண்டுக்கு 60 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. வங்கியில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 3 சதவீதம் தள்ளி 4 சதவீதம்தான்.

4 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது 60 சதவீதத்துக்கு ஒருவர் ஏன் வாங்குகிறார்? அவருக்கு விவரம் போதாது என்று சொல்லிவிடுவது படித்தவர்களின் வழக்கம். அந்தப் பேச்சை நான் பொறுத்துக்கொள்வதில்லை. காய்கறிப் பயிருக்குப் பணம் ஒரே நாளில் தேவைப்படாது. நடவுக்கு ஒருமுறை, பந்தல் கட்ட ஒருமுறை, இலைச்சுருட்டு நோய் வந்தால் மறுநாளே ஒருமுறை. வங்கி பருவத்துக்கு ஓர் அளவு நிர்ணயித்துக் கொடுக்கும். அது கைக்கு வருவதற்குள் களையெடுப்பே முடிந்திருக்கும். நடுவில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வரும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிறவர் மண்டிக்காரர். சரக்கு வந்த அன்றே விவசாயிக்குப் பணம் கொடுத்துவிட்டு, சில்லறைக் கடைக்காரரிடம் ஒரு வாரம் கழித்து வசூலிக்கிறவரும் அவரே. இரண்டு பக்கமும் கடன் சுமக்கும் ஒருவரைச் சட்டம் போட்டு நீக்கினால், அந்தக் கடனை மறுநாள் காலையில் யார் கொடுப்பார் என்று சொல்லிவிட்டு நீக்குங்கள்.

பீகாரில் 2006-லேயே வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தை முழுதாக ரத்து செய்தார்கள். இடைத்தரகர் மறையவில்லை. ஒழுங்குமுறைச் சந்தைதான் மறைந்தது, கிராமத்து வியாபாரி அப்படியே இருக்கிறார்.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ஏ.டி. கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழு 1954-லேயே எழுதி வைத்தது. 1951-52-ல் கிராமத்துக் கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றில் 3 மட்டுமே. கடனையும் விற்பனையையும் ஒன்றாக இணைத்துச் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது என்பதுதான் அந்தக் குழுவின் மையப் பரிந்துரை. கடன் பக்கம் நிறைய மாறியிருக்கிறது. 2019-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி விவசாயக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வங்கி, கூட்டுறவு போன்ற முறையான இடங்களிலிருந்து வந்தது. நிலம் குறையக் குறைய அந்தப் பங்கும் குறைகிறது. விற்பனைப் பக்கத்தை மட்டும் கைவிட்டோம். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் மலைக் காய்கறியை இன்றும் ஏலம் விடுகிறது. திருச்செங்கோட்டுச் சங்கம் பருத்தியும் மஞ்சளும் ஏலம் விடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் சங்கத்து எடையும் சங்கத்து ஏலமும் இருப்பதால் பக்கத்துத் தனியார் மண்டியும் ஓரளவு ஒழுங்காக நடந்தாக வேண்டியிருக்கிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் இது ஏன் ஊருக்கு ஊர் வரவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் தரகரை உறுத்தும்.

மண்டியில் தவறே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று கண்மூடிக் கழிக்கும் எடை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பட்டியல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசும் ஏலம், எல்லாம் நின்றாக வேண்டும். மின்னணுத் தராசும் அச்சடித்த ரசீதும் கட்டாயமானால் இதில் பாதி நின்றுவிடும்.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

காய்கறியில் 40 சதவீதம் வீணாகிறது என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. லூதியானாவில் உள்ள மத்திய அரசின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2015-ல் அளந்து சொன்னது, பழம் காய்கறிகளில் 4.58 முதல் 15.88 சதவீதம் வரை. தக்காளியில் 12.44. அதுவே பெரிய இழப்பு. அதை மூன்று மடங்காக ஊதிச் சொல்லத் தேவையில்லை.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் விலை நிற்கும் என்பார்கள். நாட்டின் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பங்கு உருளைக்கிழங்குக்குத்தான் பயன்படுகிறது, காரணம் அது மாதக்கணக்கில் தாங்கும். பழுத்த தக்காளி எந்தக் கிடங்கில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. காயாக வைத்து ரொம்பக் குளிரவிட்டால் பழுக்காமல் கெட்டுப்போகும். கிடங்கு வாடகை கட்டிக் காத்திருந்தும் அடுத்த வாரம் விலை ஏறவில்லை என்றால் நட்டம் இரட்டிப்பு.

உழவர் சந்தை எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது இன்னொன்று. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய நல்ல திட்டம். நகரத்துக்குப் பக்கத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் போடுகிறவருக்கு அது வரம். ஒரே பறிப்பில் நூறு பெட்டி எடுக்கிறவர் விடிகாலையில் தராசுடன் உட்கார்ந்து அதைச் சில்லறையாக விற்க முடியாது.

தேர்தல் வருகிறது, கடனைக் கட்டாதே, தள்ளுபடியாகும் என்ற பேச்சு எல்லாவற்றையும்விடக் கெட்டது. 2006, 2016, 2021 என்று தமிழ்நாட்டில் மூன்று முறை தள்ளுபடி வந்தது உண்மை. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானது. அதில் மண்டி முன்பணம் ஒரு பைசா குறையவில்லை. கந்துவட்டிக் கடனும் குறையவில்லை. தள்ளுபடிக்குக் காத்திருந்து வங்கிக் கடனை நிலுவையில் விட்டவருக்கு நான்கு சதவீத வட்டி போகும், மறு பருவத்துக் கடனும் போகும், நேராக மண்டி வாசலில்தான் நிற்பார். ஒழுங்காகக் கட்டியவருக்குத் தள்ளுபடியில் எதுவும் கிடைப்பதில்லை. கடன் கேட்டே கிடைக்காதவருக்கும் எதுவும் இல்லை.

அந்தக் கடைசி ஆள்தான் என் கவலை. காய்கறி போடுகிறவர்களில் நிறையப் பேர் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கோ உழுகிறவர்கள். நிலத்துக்காரர் நகரத்தில் இருப்பார். நில உரிமையைக் காட்டும் சிட்டா அவர் பெயரில். பயிரைப் பதியும் அடங்கலிலும் அவர் பெயரே ஏறியிருக்கும். எழுதிக் கொடுத்தால் நிலத்து உரிமை உழுகிறவனுக்குப் போய்விடும் என்ற பயத்தில் குத்தகைச் சீட்டுப் போட மாட்டார். வங்கி சிட்டா கேட்கும். உழுகிறவர் வெறுங்கையோடு திரும்பி மண்டிக்காரரிடம் போவார். பயிர்க்கடன் நிலத்துக்காரர் பெயரில் போகும், அவர் அதைக் கொண்டு என்ன பயிர் செய்கிறார் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தள்ளுபடியும் அவருக்கே. இத்தனைக்கும் உழவர் கடன் அட்டை விதிகள் குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரதாரர் எல்லோரும் கடனுக்குத் தகுதியானவர்கள் என்று தெளிவாகச் சொல்கின்றன. கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வாங்கவும் வழி இருக்கிறது. விதி இருந்தும் கிளையில் நடக்கவில்லை.

தரகரைத் திட்டும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடுங்கள். உரிமை மாற்றத்துக்கு இடம் தராத, பதினோரு மாதத்துக்கான எளிய குத்தகைச் சீட்டு ஒன்றை அரசு அச்சடித்து வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வைக்கட்டும். உழுகிறவர் பெயரை ஒவ்வொரு பருவமும் நேரில் பார்த்து அடங்கலில் ஏற்றட்டும். காய்கறிப் பயிருக்கு மட்டுமாவது கடனை ஒரே தவணையாகக் கொடுக்காமல், உழவர் கடன் அட்டை விதிப்படியே வேண்டும்போது எடுத்துக் கட்டும் கணக்காக நடத்தட்டும். சங்கத்தின் வழியாக விற்றால் விற்ற பணத்திலிருந்தே கடன் கழியட்டும்.

குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நடவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கடன் இல்லை என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதைக் கொடுங்கள்.