ஒரு லிட்டர் ஆயிலும் 87,000 லிட்டர் தண்ணீரும்

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



லீவு நாட்களில் எங்கள் ஊர் டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குப் போவது உண்டு. ட்ரெயின் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக ஆயில் இறங்கும். "பின்னாடி ஊத்திட்டு வாடா தம்பி" என்பார் மெக்கானிக் அண்ணன். பின்னால் ஓர் ஓடை. இரண்டு வருஷமாக நானும் அதில்தான் ஊற்றினேன். ஆகவே யாருக்கும் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-ல் வந்தது. அதன் கீழ் உள்ள விதிகளின்படி, ஆறு, குளம், ஓடையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் எஞ்சின் ஆயிலின் எடை சுமார் 870 கிராம். அதாவது 8,70,000 மில்லிகிராம். பத்தால் வகுத்தால் 87,000. ஒரே ஒரு பைக்கின் ஆயில், 87,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைவரை கொண்டுபோகும்! 12,000 லிட்டர் தண்ணி லாரி என்றால் ஏழு லாரிக்கும் மேல். அதற்காக நிறையத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆயில் தண்ணீரில் கரையாது. மேலே படலமாக மிதந்து, காற்று உள்ளே போவதைத் தடுக்கும். பழைய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கசடும் வேறு இருக்கும்.

இனி, ஒர்க்‌ஷாப் வைப்பவர் அறிய வேண்டியவை:

1. பழைய ஆயில்: 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, இத்தகைய கழிவை 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் கழிவு வரும் சிறிய இடங்களுக்கு, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுப்பது நம் ஊர் வழக்கம், ஆனால் முறையல்ல. தண்ணீர், கெரசின், கூலன்ட் எதையும் இதோடு கலக்காதீர்கள். கலந்தால் மறுபடி சுத்திகரிப்பது கஷ்டம்.

2. பேட்டரி: உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் உண்டு. 2001-ல் வந்த பேட்டரி விதிகளுக்குப் பதிலாக 2022-ல் புதிய விதிகள் வந்தன. பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, தயாரித்து விற்கும் கம்பெனிக்கு உண்டு. அமிலத்தைக் கீழே கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் விற்பது மகா தவறு.

3. ஏ.சி. கேஸ்: பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது ஒழிந்தது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல். எனவே காற்றில் திறந்துவிடாமல், மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

4. வாட்டர் சர்வீஸ்: கழுவிய தண்ணீரை ஆயில் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் வெளியே விட வேண்டும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "இந்தச் சின்னக் கடைக்கு எந்த ஆபீசர் வரப்போறாரு? நாலு எழுத்து படிச்சுட்டு எனக்கே சட்டம் சொல்றியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். "ஆபீசருக்காக இல்லண்ணே. ஓடையை ஒட்டித்தானே உங்க வீட்டுக் கிணறு இருக்கு?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலி ஆயில் கேன் ஒன்றையும் புனலையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கேன் ஆயிலுக்காக எந்த வண்டியும் வராது. ஒரே தெருவில் உள்ள ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரு டிரம் வைத்தால் வரும். இப்போது பக்கத்துக் கடைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு கடைக்காரர்கள் சரி என்றிருக்கிறார்கள்.

நண்பர்களே! நாளை நாமும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்கப்போகிறோம். முதல் நாளே, "பழைய ஆயில் எங்கே போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பதில் 'பின்னாடி' என்று வந்தால், ஒரு கேனையாவது எடுத்து வைப்போம்.