அவசர சத்திரசிகிச்சைக்கு முன் ஐந்து நிமிடம்

லயத்து வாசலில் படுத்திருக்கும் நாய் வீட்டுக்குக் காவல், பிள்ளைகளுக்குத் துணை. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அது சிக்கினாலோ, குட்டி ஈன முடியாமல் தவித்தாலோ, பதறிப்போய் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுகிறோம். அவரோ முதலில் ஈறைப் பார்க்கிறார், நெஞ்சில் குழாய் வைக்கிறார், இரத்தம் எடுக்கிறார். "உயிர் போகிற நேரத்தில் இதெல்லாம் ஏன்?" என்று நமக்குத் தோன்றும்.

மயக்க மருந்து இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் குறைக்கும். நலமான உடல் அதைத் தாங்கும். இரத்தம் இழந்த உடல் தாங்காது. பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை சுமார் 98,000 நாய்களைக் கொண்டு ஆய்வு செய்தார்கள். மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் நலமான நாய்களில் 10,000க்கு 5. நோயுற்றவற்றில் 10,000க்கு 133.

நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சலும் உண்டு. உண்ணி பரப்பும் இக்கிருமி சிவப்பணுக்களை அழிக்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறையும். நாய் நடமாடிக்கொண்டே இருக்கும். கத்தி பட்டதும் இரத்தம் நில்லாது.

இதை அறியச் சில துளி இரத்தம் போதும். மெல்லிய குழாயில் இட்டு ஐந்து நிமிடம் சுழற்றினால் சிவப்பணுக்களின் பங்கு தெரியும். நலமான நாயில் அது ஏறத்தாழ 37 முதல் 55 வீதம். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிருமி தென்படலாம். கருப்பையில் சீழ் பிடித்த நாய்க்குச் சிறுநீரகச் சோதனையும் தேவைப்படும். முடிவைப் பார்த்து வைத்தியர் முதலில் சேலைன் ஏற்றுவார், மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது இரத்தம் கொடுக்க இன்னொரு நாயைத் தேடச் சொல்வார்.

எல்லா நாய்க்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை. 1,500க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி 2008இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், வழக்கமான இரத்தச் சோதனையால் மயக்க முறை மாறியது மிகச் சிலவற்றுக்கே. கையாலும் கண்ணாலும் செய்யும் பரிசோதனையே முதற்படி. கையில் பணம் குறைவென்றால் வெட்கப்படாமல் சொல்லி, எது மிக அவசியம் என்று கேளுங்கள். இரத்தம் பீறிட்டால் சோதனைக்காகக் காத்திருக்கலாகாது. அதை நிறுத்துவதே முதல் வேலை.

நாம் சொல்ல வேண்டியவை:

1. கடைசியாக எப்போது தின்றது?
2. உண்ணிக் காய்ச்சல் வந்ததுண்டா?
3. நாமாகக் கொடுத்த மாத்திரை எது?
4. பெட்டை நாயானால், கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது?

இவற்றை மறைக்காமல் சொல்வதும் பரிசோதனையின் ஒரு பகுதியே.