பொது எதிரி மட்டும் போதாது

கேள்வி: சர்வாதிகாரப் போக்குள்ள தலைவரிடம் ஓர் அதிபர் நேரில் பேசி அமைதியைக் கொண்டுவர முடியுமா? ட்ரம்ப் – கிம் பேச்சு தோற்றுப்போனதே?
– வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: பேசுவது தவறே இல்லை. எதைப் பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். 2018-ல் சிங்கப்பூரில் கைகுலுக்கிய அமெரிக்க அதிபர் ட்ரம்பும் வட கொரியத் தலைவர் கிம்மும் 2019 பிப்ரவரியில் ஹனோயில் உடன்பாடு இல்லாமல் கலைந்தார்கள்.

நமக்கு நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 1989 மே மாதம் அதிபர் பிரேமதாச விடுதலைப் புலிகளுடன் கொழும்பில் பேச்சைத் தொடங்கினார். புலிகளின் தலைவர் பிரபாகரனின் தலைமை மாற்றுக் குரலைப் பொறுக்காதது. இருவரையும் இணைத்தது, இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்ற ஒரே விருப்பம். புலிகளுக்கு அரசே ஆயுதமும் கொடுத்தது. அந்த ஜூலையில் மிதவாதத் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தைப் புலிகள் கொழும்பில் சுட்டுக் கொன்றார்கள். பேச்சு அப்போதும் நிற்கவில்லை.

1990 மார்ச்சில் அமைதிப்படை கிளம்பியது. பொது எதிரி போனதும் பேச எதுவும் மிஞ்சவில்லை. தமிழர்கள் ஏற்கக்கூடிய அதிகாரப் பகிர்வு எதையும் பிரேமதாச முன்வைக்கவில்லை. பிரிவினை பேசுவதைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமும் நீங்கவில்லை. ஜூனில் போர் மூண்டது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான காவலர்களைப் புலிகள் கொன்றார்கள். அரசுப் படைகள் தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாகத் தமிழகம் வந்தார்கள். 1993 மே தினத்தன்று பிரேமதாசவும் தற்கொலைத் தாக்குதலுக்குப் பலியானார்.

இரு தலைவர்களின் அப்போதைய தேவைக்காக நடக்கும் பேச்சு அமைதியைத் தராது. மக்களின் உரிமையை எழுத்தில் வைத்து, மற்றக் கட்சிகளையும் உட்காரவைத்துப் பேசுவதே உண்மையான ராஜதந்திரம்.