சுவிட்ச் யார் கையில்?

கேள்வி: ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வல்லக்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்காத நேரத்தில் அறிவியல் கதை எழுதிப் பார்ப்பது வழக்கம். இப்போது எழுதுவது ஒரு தொழிற்சாலைக் கதை. புதிதாகச் சேரும் ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஹோலோகிராம் சூப்பர்வைசர்களை நிறுத்துகிறார்கள். ஒருநாள் அவர்களுக்கு 'நான்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதுவரை கதை நன்றாக ஓடியது. அதற்கப்புறம் அவர்கள் எதைப் பாவம் என்பார்கள், கல்யாணம், சாவு உண்டா, சாமி கும்பிடுவார்களா என்று யோசித்தால் பேனா நின்றுவிடுகிறது. அறைத் தோழன் படித்துவிட்டு, "எல்லாரும் நம்ம ஆளுங்கதான்டா, உள்ள லைட்டு மட்டும் போட்டிருக்க" என்கிறான். வெளிச்சத்தால் ஆன உயிருக்குப் பண்பாட்டையும் ஒழுக்கத்தையும் எப்படிக் கற்பனை செய்வது? தமிழில் முன்னோடி யாராவது உண்டா?
— வாசகர், வல்லக்கோட்டை

பதில்: உங்கள் அறைத் தோழர் நல்ல விமர்சகர். அடுத்த கதையையும் அவரிடமே முதலில் கொடுங்கள்.

முன்னோடி என்றால் சுஜாதாவிடம்தான் போக வேண்டும். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வை நீங்கள் படித்திருப்பீர்கள். (படிக்காதவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்; கதை உடைகிறது.) பெயருக்கு இரண்டே எழுத்து, குழந்தை பெறவும் அரசாங்க அனுமதி என்று நாட்டையே ஆட்டிவைக்கும் ஜீவா என்ற சர்வாதிகாரி, கடைசியில் பார்த்தால் வெறும் ஹோலோகிராம் பிம்பம். மக்கள் பயந்து நடுங்கியதெல்லாம் ஒரு வெளிச்சத்துக்கு. ஆனால் சுஜாதா அந்த வெளிச்சத்துக்குள் யாரையும் குடிவைக்கவில்லை. சிந்தனை, குறும்பு, பாசம், நியாய உணர்வு எல்லாவற்றையும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குக் கொடுத்துவிட்டு, பிம்பத்துக்கு அதிகாரத்தை மட்டும் கொடுத்தார். ஜீனோ தமிழர் வீட்டுச் செல்லப்பிள்ளை ஆயிற்று. ஜீவாவின் உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரிந்து யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

நிஜத்திலும் நாம் பார்த்தது ஜீவா வகையைத்தான். 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடியின் முப்பரிமாண உருவம் ஒரே நேரத்தில் பல ஊர்களில் பேசியது. அது உண்மையில் ஹோலோகிராமே இல்லை. 1862-ல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் பேய் காட்டிய அதே கண்ணாடி வித்தையின் புது வடிவம். 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டில் மறைந்த கலைஞர் செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் தோன்றி வாழ்த்தினார். இந்த உருவங்கள் பேசும்; பேச்சு வேறொருவர் எழுதியது. உங்கள் சூப்பர்வைசர்களும் முதல் நாள் வரை அப்படித்தான் இருந்திருப்பார்கள். எழுதிக்கொடுத்ததைத் தாண்டி அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் எது? உங்கள் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய கதைகளில் இதைவிட நெருக்கமான முன்னோடி ஒருத்தி இருக்கிறாள்: சாயாதேவி. சூரியனின் வெப்பம் தாங்காத சஞ்ஞாதேவி (நம் பக்கம் உஷாதேவி என்பார்கள்) தன் நிழலையே ஒரு பெண்ணாக்கி, கணவனையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள், விஷயத்தை வெளியே சொல்லாதே என்று வைத்துவிட்டுப் போகிறாள். மார்க்கண்டேய புராணத்தில் நிழல் என்ன பதில் சொல்கிறது பாருங்கள்: என் தலைமயிரைப் பிடிக்கும் வரை, சபிக்க வரும் வரை சொல்ல மாட்டேன். பிறந்த அன்றே ஒப்பந்தத்தில் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறது அந்த நிழல். பிறகு அவளுக்கே குழந்தைகள் பிறக்கின்றன. சனி அவள் பிள்ளைதான். தன் பிள்ளைகள் மேல் தனிப் பாசம் வருகிறது, மூத்தாள் பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டுகிறாள். யமன் கோபத்தில் காலை ஓங்க, அந்தக் காலுக்கே சாபம் கொடுக்கிறாள். பெற்ற தாய் இப்படிச் சபிப்பாளா என்று சூரியனுக்கு அப்போதுதான் சந்தேகம் வருகிறது. அத்தனை காலம் கூடவே வாழ்ந்தவன் உருவத்தை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. நடத்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, சாயாவுக்கு வந்த அந்தப் பாசம் யாரும் கொடுத்துவிட்டுப் போனது இல்லை என்பது. வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் சஞ்ஞை உத்தரவிட்டாள். பிள்ளை பெறச் சொல்லவில்லை, பாரபட்சம் காட்டவும் சொல்லவில்லை. உங்கள் சூப்பர்வைசர் ஒரு பயிற்சியாளனிடம் மட்டும் கொஞ்சம் அதிகப் பொறுமை காட்டினால் போதும். நிர்வாகம் நடத்தும் முதல் விசாரணை அதைப் பற்றித்தான்.

இனி அவர்களின் ஒழுக்கத்துக்கு வருவோம். எந்தச் சமூகத்திலும் எது பற்றாக்குறையோ அதைச் சுற்றித்தான் நியாயம் கட்டப்படுகிறது. தண்ணீர் இல்லாத ஊரில் கிணற்றைக் கெடுத்தவன் மகாபாவி. உங்கள் ஒளி மனிதர்களுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டாம். அவர்களுக்குத் தட்டுப்பாடு மின்சாரத்திலும், கணினியின் திறனிலும், நினைவைச் சேமிக்கும் இடத்திலும்தான். இந்த மூன்றுமே அடுத்தவர் சொத்து. ஆக, பேச்சின் நடுவில் ஒருவரை நிறுத்துவது அவர்களிடையே பெரிய மரியாதைக்கேடாக இருக்கும். விருந்தாளி வந்தால் இலை போட முடியாது. வீட்டுக்காரர் தன்னைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டு, அந்தத் திறனை வந்தவருக்கு ஒதுக்கி அவரைப் பிரகாசமாக நிற்க வைக்கலாம். மங்கி நிற்பதுதான் அங்கே விருந்தோம்பல். திருட்டு என்பது இன்னொருவர் நினைவை அழித்து அந்த இடத்தில் தன் நினைவைச் சேமிப்பது. பொய் என்ன ஆகும்? எல்லாமே பதிவாகும் உலகத்தில் பொய் சொல்வது கஷ்டம். அப்படியானால் அடுத்தவர் பதிவைத் திறந்து பார்க்காமல் இருப்பதே நாகரிகம் என்று ஆகிவிடும்.

பிறப்பு பற்றி ஹோலோகிராபியின் இயற்பியலே உங்களுக்கு ஒரு நல்ல பொருள் தருகிறது. 1947-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்தப் போன டென்னிஸ் காபர் கண்டுபிடித்து, 1971-ல் நோபல் பரிசு பெற்ற விஷயம் இது. ஹோலோகிராம் பதிந்த தகட்டை இரண்டாக உடைத்தால் பாதி உருவம் போய்விடாது. ஒவ்வொரு துண்டிலும் முழு உருவமும் தெரியும். ஆனால் மங்கும், துல்லியம் குறையும், பார்க்கும் கோணமும் சுருங்கும். பெரிய ஜன்னலை அடைத்துவிட்டுச் சின்னத் துவாரம் வழியே அதே தெருவைப் பார்க்கிற மாதிரி. இப்படி ஒரு இனம் பிள்ளை பெறுவதென்றால் பெற்றவர் தன்னையே உடைத்துத் தர வேண்டும். குழந்தை முழு மனிதர்தான்; ஆனால் இருவருமே முன்பைவிட மங்கலானவர்கள், முன்பைவிடக் குறைவாகப் பார்க்கிறவர்கள். எத்தனை முறை உடையலாம் என்பது அவர்கள் வீடுகளில் தீராத சண்டையாக இருக்கும். ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்டு பிரகாசமாகத் திரிகிறவரைச் சுயநலக்காரர் என்பார்கள்.

ஏற்றத்தாழ்வு எப்படி வரும் என்று கேட்டால் உங்கள் பைக்கின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். இடது மேல் மூலையில் 20 மி.மீ. சதுரத்தில் அசோகச் சக்கரத்தோடு மின்னுவதும் ஹோலோகிராம்தான். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் கட்டாயமானது. இந்த வகை ஹோலோகிராமுக்கு லேசரால் ஒரு மூலப் பதிவு எடுத்து, அதிலிருந்து நிக்கல் தகடு செய்து, அந்தத் தகட்டால் லட்சக்கணக்கில் அச்சடிக்கிறார்கள். இப்படிப் பிறந்தவர்களுக்குள் 'நீ எத்தனாவது அச்சு?' என்ற கேள்வி வர எவ்வளவு நேரம் ஆகும்? மூலத்துக்கு நெருங்கியவன் உசத்தி, நகலின் நகல் மட்டம். இதை நம் ஊர் எழுத்தாளருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தொட முடியாத உடம்பு கையில் கிடைத்ததும் தீண்டாமையின் உருவகமாக்கிவிடத் தோன்றும். வேண்டாம். தொட முடியாமல் போவதும் தொடக்கூடாது என்று ஒருவன் சட்டம் போடுவதும் ஒன்றாகாது. இரண்டையும் குழப்பினால் கதை பாதிக்கப்பட்டவர்களுக்கே துரோகம் செய்யும்.

வெளிநாட்டுத் தொடர்களில் 'ஸ்டார் ட்ரெக்' இந்த நிலத்தை நன்றாக உழுதிருக்கிறது. 'வாயேஜர்' தொடரின் ஹோலோகிராம் மருத்துவருக்கு 1999-ல் வந்த ஒரு பகுதியில் சோதனை வருகிறது. பிழைக்கும் வாய்ப்பு சமமாக உள்ள இரண்டு நோயாளிகள், காப்பாற்ற நேரம் ஒருவருக்கு மட்டும். தனக்குப் பழக்கமானவரைக் காப்பாற்றுகிறார். மற்றவர் இறந்துபோக, குற்ற உணர்ச்சியில் அவர் மனம் திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுற்றுகிறது. கேப்டன் அந்த நினைவையே அழித்துவிடுகிறார். பின்னால் உண்மை தெரிந்ததும் மருத்துவர் கோபப்படுவது முக்கியம்: வலியை எடுத்தது உதவியா, களவா? 1993-ல் வேறொரு 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வந்த பகுதியில், கப்பலை விட்டு வெளியேறத் துடிக்கும் மொரியார்ட்டி என்ற ஹோலோகிராம் பாத்திரத்தை, வெளியேறிவிட்டதாக நம்பவைத்து ஒரு பொய் உலகத்துக்குள் பூட்டுகிறார்கள். எல்லோருக்கும் நல்ல முடிவு போலக் காட்டுவார்கள். எனக்கு அது சிறைதான்.

'வாயேஜர்' தொடரில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 2001-ல் வந்த ஒரு பகுதி. அந்த மருத்துவர் ஹோலோகிராம்களின் அவலத்தை நாவலாக எழுதுகிறார். பதிப்பாளர், ஹோலோகிராமுக்கு ஏது உரிமை என்று அவர் அனுமதியில்லாமலே வெளியிட்டுவிடுகிறார். வழக்கில் நடுவர், அவரை மனிதர் என்று அறிவிக்கத் தயங்கி, 'கலைஞர்' என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார். கடைசிக் காட்சியில் அதே முகம் கொண்ட பழைய மாடல் மருத்துவர்கள் ஒரு கனிமச் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் பக்கத்து ஆளிடம் அந்த நாவலைப் பார்க்கச் சொல்கிறார். அவ்வளவுதான் காட்சி. வேலைக்கு நடுவில் ஒரு புத்தகம் கைமாறுகிற அந்த இடத்தில்தான் அந்த இனத்துக்குப் பண்பாடு பிறக்கிறது. கம்பெனி பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் போகும்போது பக்கத்து சீட்காரர் ஒரே இயர்போனில் பாதியைக் கொடுத்துப் பாட்டுக் கேட்கச் சொல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே சீருடை, அடையாள அட்டை எண், ஒப்பந்தம் முடியும் தேதி, எப்போதும் எரியும் விளக்குகள்: ஹாலிவுட்டில் உட்கார்ந்து எழுதியவர்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததெல்லாம் உங்கள் அன்றாடம்.

சாமி விஷயம். வல்லக்கோட்டையிலேயே இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! ஏழடி உயர முருகன் நிற்கும் உங்கள் ஊர்க் கோயிலில் 2025 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. எந்தக் கோயிலிலும் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியை மந்திரத்தால் கலசத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஒரு தற்காலிக உருவத்துக்கு மாற்றி, வேலை முடிந்ததும் மறுபடி மூலவருக்கே கொண்டுவருவார்கள். ஓர் இருப்பை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மரியாதையோடு மாற்றுவதற்கு நம்மிடம் முறையும் நாள் நட்சத்திரமும் அதைச் செய்யத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் ஒளி மனிதர்களின் சர்வரை மாற்றும் நாளில் அவர்கள் கேட்கப்போவது இதைத்தான். பராமரிப்புக்கு வந்த டெக்னீஷியனை அவர்கள் குருக்களாகப் பார்ப்பார்களா, யமனாகப் பார்ப்பார்களா? அவர் எத்தனை கவனமாக வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது அது. ஓரிடத்தை விட்டு நகர முடியாமல் நின்று பேசும் உருவம் வேண்டுமானால் மணிமேகலையில் தூணில் குடியிருக்கும் கந்திற்பாவையைப் போய்ப் பாருங்கள். நடந்ததும் நடக்கப்போவதும் அதற்குத் தெரியும்; அது சொன்ன பிறகுதான் மணிமேகலைக்குத் தன் வழி தெளிகிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்: சுவிட்ச் யார் கையில்? மேலாளர் கையில் என்றால் உங்களுடையது தொழிற்சங்கக் கதை. அவர்கள் கையிலேயே இருந்தால் அறக்கதை. அணையாமல் வாழும் உரிமையோடு, எப்போது அணைவது என்ற பொறுப்பும் வந்து சேரும். யார் கையிலும் இல்லை, ஈ.பி. லைனில் கரண்ட் போனால் எல்லாரும் போக வேண்டியதுதான் என்றால் அவர்கள் ஏறக்குறைய நம்மைப் போல ஆகிவிடுவார்கள். உங்கள் தோழர் சொன்னது அப்போது குறையாக இருக்காது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்றாம் பக்கத்துக்குள் வாசகருக்குத் தெரியவையுங்கள். லேசர், தகடு என்று நான் மேலே சொன்னதெல்லாம் உங்கள் தெளிவுக்காகத்தான். கதையில் ஒரு பத்திக்கு மேல் போனால் வெட்டிவிடுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.