முப்போட்டி கற்பித்த பாடம்



ஆண்டுதோறும் இவ்விதழில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை கல்வியின் சிறப்பையோ ஒழுக்கத்தின் மேன்மையையோ எடுத்துரைப்பது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, ஐம்பத்து நான்காம் வயதில் நாம் கலந்துகொண்ட ஒரு விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுத விழைகின்றோம். அப்போட்டியில் நாம் பரிசு எதுவும் பெறவில்லை. கடைசியாக வந்தவர்களுள் ஒருவராகவே வந்து சேர்ந்தோம். எனினும், முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் கல்லாத ஒன்றை அப்போட்டி நமக்குக் கற்பித்தது. ஆதலின் அதனை உங்களுக்கும் ஒரு பாடமாக வழங்குகின்றோம்.

ஒரு மாணவனின் கேள்வி

ஈராண்டுகளுக்கு முன்னர், பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்திய நாள், காலைச் சபைகூடலில் நாம் உரையாற்றினோம். நம் தோட்டத்தின் எல்லையை அடுத்துள்ள ஈயக்குட்டையில் குளிக்கச் செல்லலாகாது என்று எச்சரித்தோம். ஆழமறியாமல் காலை விடாதே என்னும் பழமொழியையும் எடுத்துக் கூறினோம். கூட்டம் கலைந்த பின்னர், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, “ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?” என்று வினவினான்.

“தெரியாது” என்றோம்.

“அப்படியென்றால் நான் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள், ஐயா?”

அதற்கு நம்மிடம் விடை இல்லை. நாம் சிறுவராயிருந்தபோது நம்முடன் ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழன் ஒருவன் இத்தகைய குட்டையொன்றில் மூழ்கி உயிர் நீத்தான். கரையில் நின்றவர்கள் அறுவர். அவர்களுள் நாமும் ஒருவர். நீந்தத் தெரிந்தவர் எவருமில்லை. அன்று முதல் தண்ணீரைக் கண்டு அஞ்சி விலகியே வாழ்ந்தோம். அந்த அச்சத்தையே எச்சரிக்கை என்னும் பெயரால் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கும் வழங்கி வந்தோம் என்பதை அச்சிறுவனின் கேள்வி உணர்த்திற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?

அவ்வாரமே நகரத்திலுள்ள பொது நீச்சல் குளத்திற்குச் சென்று தொடக்க நிலை வகுப்பில் சேர்ந்தோம். ஆண்டின் இறுதியில் போர்ட்டிக்சன் கடற்கரையில் நடைபெறவிருந்த ஒரு சிறிய முப்போட்டியில் கலந்துகொள்வது என்றும் உறுதி பூண்டோம். குறிக்கோள் ஒன்று இல்லாவிடில் இரண்டு வாரத்தில் ஓடிவந்துவிடுவோம் என்பதை நம்மைப் பற்றி நாமே அறிந்திருந்தோம்.

முப்போட்டி என்பது யாது?

நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது செய்து முடிக்கும் போட்டியே முப்போட்டியாகும். இதனை டிரையத்லான் என்பர். கிரேக்க மொழியில் ‘டிரை’ என்பது மூன்று. ‘அத்லான்’ என்பது போட்டி. பெயர் பழைய மொழியினது எனினும் விளையாட்டு புதியது. இக்கால முறையிலான முதற் போட்டி 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்னுமிடத்தில் நடைபெற்றது. அதில் 46 பேர் கலந்துகொண்டனர்.

பின்னர் ஹவாய்த் தீவுகளில் ஒரு விவாதம் எழுந்தது. நீச்சல் வீரரா, ஓட்ட வீரரா, மிதிவண்டி வீரரா, யார் உடலுறுதி மிக்கவர் என்பதே அவ்விவாதம். கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பவர், மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடலாம் என்றார். அதன்படி 1978 பிப்ரவரி 18ஆம் நாள் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.195 கிலோமீட்டர் ஓட்டம் என்னும் அந்நெடும்போட்டியே ‘அயர்ன்மேன்’ எனப் பெயர் பெற்றது. கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

1982 பிப்ரவரியில் அதே ஹவாயில் நடைபெற்ற போட்டியில் ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி, தமது ஆய்வுக்காகக் கலந்துகொண்டார். முதலிடத்தில் ஓடிவந்த அவர் முடிவுக்கோட்டுக்குச் சில அடி தொலைவில் வலுவிழந்து வீழ்ந்தார். பின்னால் வந்தவர் அவரைக் கடந்து வென்றார். ஆயினும் ஜூலி மாஸ் தவழ்ந்தே சென்று கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதனைக் கண்ட பலர் இவ்விளையாட்டின்பால் ஈர்க்கப்பட்டனர்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முப்போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக் தொலைவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் சரிபாதி குறுந்தொலைவுப் போட்டி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். நம்மைப் போன்று தொழில் பார்த்துக்கொண்டே ஆர்வத்தால் விளையாடுவோர்க்கு ஏற்றது இதுவே. நாம் கலந்துகொண்டதும் இதுவே.

தண்ணீர் நம்மைத் தாங்குவது எவ்வாறு?

நீச்சல் வகுப்பில் நம்முடன் பயின்றவர் எழுவர். அவர்களுள் மூத்தவருக்கு வயது பத்து. பயிற்றுநர் நம் மகளின் வயதையொத்த ஒரு சீன மங்கை. “அங்கிள், முதலில் மூச்சு விடக் கற்றுக்கொள்ளுங்கள்” என்றார். முதல் மூன்று வாரமும் தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு முகத்தை நீருள் அமிழ்த்தி மூச்சை வெளிவிடுவதே பாடமாயிற்று. பக்கத்தில் நின்ற சிறுவர்கள் அதனை ஒரே நாளில் கற்றுவிட்டு நீந்தப் போயினர். பின்தங்கிய மாணவனின் மனம் என்ன பாடுபடும் என்பதை அந்நாட்களிலேயே நாம் அறிந்தோம்.

மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியை ஒத்தது. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது உடல் மிதக்கும். காற்றை வெளிவிட்டால் பெரும்பாலோர் மெல்ல மூழ்குவர். காற்று மார்பில் இருப்பதால் மார்பு மேலெழும், கால்கள் தாழும். தலையை உயர்த்த முயன்றால் கால்கள் மேலும் தாழ்ந்துவிடும். அஞ்சுபவன் முதலில் செய்வது தலையை உயர்த்துவதே. ஆகவே அச்சம் தானே அவனை ஆழ்த்துகின்றது. முகத்தைத் துணிந்து நீருள் வைத்தால்தான் உடல் கிடைநிலையில் மிதக்கும். இதனை நாம் ஐந்தாம் மாதத்தில் உணர்ந்தோம். அன்று முதன்முறையாக 25 மீட்டர் தொலைவை நிற்காமல் கடந்தோம்.

மற்ற இரண்டும் இவ்வளவு துன்பம் தரவில்லை. அதிகாலையில் செம்பனை மரங்களுக்கிடையே செல்லும் செம்மண் சாலையில் மிதிவண்டி ஓட்டினோம். மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி ஓடினோம். எனினும் மிதிவண்டியினின்றும் இறங்கிய உடனே ஓடிப் பார்த்தபோது கால்கள் நம்முடையவை அல்ல போலக் கனத்தன. ஒரு வகை அசைவிற்குப் பழகிவிட்ட தசைகள் மற்றொன்றிற்கு மாறச் சிறிது நேரம் வேண்டும். இதனால் இரண்டையும் வாரம் ஒருமுறை அடுத்தடுத்துச் செய்து பழகினோம். முதலில் மருத்துவரைக் கண்டு இரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் சோதித்துக்கொண்டோம். நடுத்தர வயதினர் எவரும் இதனைத் தவிர்க்கலாகாது.

போட்டி நாள்

வெயில் ஏறுவதற்கு முன்னரே போட்டி தொடங்கிவிடும். நீந்துவோர் அனைவரும் வண்ணத் தொப்பி அணிந்து மணலில் நின்றோம். நேரத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியொன்று கணுக்காலில் கட்டப்பட்டிருந்தது. ஊதல் ஒலித்ததும் அனைவரும் கடலுள் பாய்ந்தனர். நாம் வேண்டுமென்றே பின்வரிசையில் நின்று கடைசியாக இறங்கினோம்.

குளத்தின் அடியில் கோடு உண்டு. கடலில் அது இல்லை. சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையைச் சற்றே உயர்த்தி மிதவையைப் பார்த்துத் திசையறிய வேண்டும். நாம் அவ்வாறு பார்த்தபோது அலையொன்று வாயில் புகுந்தது. மூச்சுத் திணறிற்று. காலை ஊன்ற முயன்றோம், தரை இல்லை. அக்கணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய குட்டையும் தோழனின் கையும் கண்முன் தோன்றின. திரும்பிவிடலாம் என்றே எண்ணினோம்.

அப்பொழுது பயிற்றுநரின் சொல் நினைவிற்கு வந்தது. மல்லாந்து படுத்தோம். காதுகள் நீருள் அமிழ, வானத்தைப் பார்த்தவாறு மூச்சை நிதானமாக இழுத்தோம். கடல் நம்மைத் தாங்கிற்று. பின்னர் அருகிருந்த மிதவையைப் பற்றி ஒரு நிமிடம் இளைப்பாறினோம். முன்னேறாமல் மிதவையைப் பற்றி இளைப்பாறுவதற்கு விதி இடமளிக்கின்றது. உதவி வேண்டுவோர் ஒரு கையை உயர்த்த வேண்டும். மீட்பர் படகில் வருவர். நாம் கையை உயர்த்தவில்லை. மீண்டும் முகத்தை நீருள் வைத்தோம்.

கரையேறியபின் மிதிவண்டி நிறுத்தியிருந்த மாற்றிடத்திற்கு ஓடினோம். அங்கும் விதி உண்டு. தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பின்னரே மிதிவண்டியைத் தொட வேண்டும். குறித்த கோட்டைத் தாண்டும் வரை அதனைத் தள்ளியே செல்ல வேண்டும். இம்மாற்றத்தை நான்காவது பிரிவு என்றே வீரர்கள் கூறுவர். ஈரக் காலில் காலுறையை மாட்டப் போராடிய நமக்கு அதன் பொருள் நன்கு விளங்கிற்று.

ஓட்டத்தின்போது வெயில் கடுமையாயிற்று. ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று பருகினோம், தலையில் ஊற்றிக்கொண்டோம். நமக்கு முன்னே முடித்துவிட்ட மலாய், சீன, இந்திய இளைஞர்கள் சாலையோரம் நின்று கைதட்டி ஊக்குவித்தனர். முடிவுக்கோட்டைக் கடந்தபோது நம் நேரம் வருமாறு:

நீச்சல் – 27 நிமிடம்
முதல் மாற்றம் – 6 நிமிடம்
மிதிவண்டி – 52 நிமிடம்
இரண்டாம் மாற்றம் – 4 நிமிடம்
ஓட்டம் – 41 நிமிடம்
ஆக மொத்தம் – 130 நிமிடம்

மாணவர்களே, இக்கணக்கைச் சற்று நோக்குங்கள். மொத்தத் தொலைவு 25.75 கிலோமீட்டர். அதில் நீச்சல் நூற்றில் மூன்று பங்கு கூட இல்லை. ஆனால் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேல் அது எடுத்துக்கொண்டது. ஓராண்டுப் பயிற்சியிலோ பெரும்பகுதியை அதுவே விழுங்கிற்று. எதனை நாம் நெடுநாள் ஒதுக்கி வைத்தோமோ, அதற்கே மிகுந்த விலை கொடுக்க நேர்ந்தது. கணிதத்தை அஞ்சி ஒதுக்கும் மாணவனுக்கும் இதுவே நேரும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

நாம் நீந்தக் கற்றதனால் நீங்கள் ஈயக்குட்டைக்குச் செல்லலாம் என்று பொருள் கொள்ளற்க. அக்குட்டைகளின் கரை செங்குத்தானது; மணல் சரியக்கூடியது; ஓரடி எடுத்து வைத்ததும் ஆழம் தொடங்கிவிடும். அங்கு மீட்பரும் இல்லை, மிதவையும் இல்லை. நீச்சலைப் பயிற்றுநர் முன்னிலையில் குளத்திலேயே கற்க வேண்டும்.

ஒருவன் தண்ணீரில் தத்தளிக்கக் கண்டால் உடனே குதித்துவிடாதீர். மூழ்குபவன் உதவ வருபவனையும் பற்றி அமிழ்த்திவிடுவான். உரக்கக் கூவிப் பெரியவர்களை அழையுங்கள். நீண்ட கழியை நீட்டுங்கள். கயிற்றையோ, மூடிய காலிப் பிளாஸ்டிக் தோம்பையோ எறியுங்கள். அன்று குட்டைக் கரையில் நின்ற நம் அறுவருக்கும் இதனை எவரும் சொல்லித் தரவில்லை. அருகிலேயே ஒரு நீண்ட மூங்கில் கிடந்தது.

போட்டி முடிந்த திங்கட்கிழமை அம்மாணவனை அழைத்து, “இப்பொழுது நமக்கு நீந்தத் தெரியும்” என்றோம். அவன் சற்றுச் சிந்தித்து, “எனக்குத் தெரியாதே, ஐயா” என்றான். அச்சொல்லைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அப்படியே எடுத்துரைத்தோம். இவ்வாண்டு முதல், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சனிக்கிழமைதோறும் வேனில் நகர நீச்சல் குளத்திற்குச் சென்று வருகின்றனர். வேன் கட்டணத்தைப் பெற்றோரும் பள்ளியும் பகிர்ந்து கொள்கின்றனர். முதல் மூன்று வாரமும் மூச்சு விடுவதே பாடம். அதில் பின்தங்குவோர் மனந்தளர வேண்டா. அவர்களுக்குத் துணையாக நாமும் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றோம்.

பயிற்சி வினாக்கள்

1. ‘டிரையத்லான்’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. மேலே தரப்பட்ட நேரப் பட்டியலைக் கொண்டு, மிதிவண்டி சென்ற சராசரி வேகத்தை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் எனக் கணக்கிடுக.
3. நீரில் தலையை உயர்த்தினால் கால்கள் தாழ்வதன் காரணத்தை விளக்குக.
4. நண்பன் ஒருவன் தண்ணீரில் தத்தளித்தால் நீ செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாததையும் வரிசைப்படுத்துக.
5. நீ அஞ்சி ஒதுக்கிவைத்திருக்கும் ஒன்றைக் குறிப்பிட்டு, அதனைக் கற்க முதல் வாரத்தில் என்ன செய்வாய் என ஐந்து வாக்கியங்களில் எழுதுக.