சோயா மொச்சையும் சமையற்கட்டும்

நாட்டின் புரதக் குறைவைப் போக்கச் சோயா மொச்சை ஏற்ற பயிர் என்று 1960-களின் பிற்பகுதியில் அறிஞர் பலர் கருதினர். அதில் புரதம் சுமார் 40 விழுக்காடு. துவரையிலும் உளுந்திலும் 22 முதல் 25 விழுக்காடே. தேவையும் வளர்ந்தது. 1961-ஆம் ஆண்டில் தலைக்கு நாளொன்றுக்கு 69 கிராம் அளவில் கிடைத்துவந்த பருப்பு வகைகள், 1981-இல் 37.5 கிராமாகக் குறைந்துவிட்டன.

உழவர் தயங்கவில்லை. பந்த்நகர், ஜபல்பூர் வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இப்பயிரைப் பரப்பின. மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த மால்வாக் கரிசல் நிலங்களில் சோயா விரைந்து பரவியது. ஆயினும் வயலில் வென்ற பயிர் அடுப்பங்கரையில் வெல்லவில்லை. விளைச்சல் எண்ணெய் ஆலைக்குச் சென்றது. பிண்ணாக்குத் தீவனமாகக் கப்பலேறியது.

இதனை மக்களின் அறியாமை என்று கூறிவிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. பருப்பு என்றால் வெந்து குழைய வேண்டும். மாவுச்சத்துக் குறைந்த சோயா எளிதில் குழைவதில்லை. விறகை விலைகொடுத்து வாங்கும் குடும்பத்திற்கு நீண்ட வேக்காடு தனிச் செலவாகும். அரைக்கும்போது எழும் பச்சை வாடை பலருக்குப் பிடிப்பதில்லை. புரதச் செரிமானத்திற்கு இடையூறான டிரிப்சின் தடுப்பி இருப்பதால், அரைவேக்காட்டில் உண்பதும் நன்றன்று.

குமாவோன் மலைப்பகுதியிலோ 'பட்' எனப்படும் கருஞ்சோயா நெடுங்காலமாக உணவாக விளங்குகிறது. அதனை இரும்புச் சட்டியில் வறுத்துப் பின்னர்க் குழம்பாகக் கொதிக்க விடுவர். நாகாலாந்தின் அகூனி, சிக்கிமின் கினிமா, மேகாலயத்தின் துங்ரிம்பாய் ஆகியவை வேகவைத்துப் புளிக்கவைத்த சோயா உணவுகள். அவற்றின் மணம் வெளியாரை முகம் சுளிக்க வைக்கலாம். அவ்வூராருக்கு அதுவே சுவை.

சமவெளியில் இடம்பிடித்தது, எண்ணெய் நீக்கிய மாவிலிருந்து செய்யப்படும் சோயா உருண்டை. தமிழ்நாட்டில் அதனை 'மீல் மேக்கர்' என்பர். வெந்நீரில் ஊறினால் விரைவில் வேகும்; மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். இறைச்சிக் குழம்பின் பக்குவமே அதற்கும் போதுமாதலால், சமைப்போர் புதிதாகக் கற்க வேண்டியது ஏதுமில்லை. கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு சோயா மாவைக் கலந்தாலும் சப்பாத்தியின் சுவை பெரிதும் மாறுவதில்லை.

விதையிலேயே குறையை நீக்கும் முயற்சியும் நடந்துள்ளது. இந்தூர் சோயா ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய என்.ஆர்.சி. 127 ரகத்தில் குனிட்ஸ் வகை டிரிப்சின் தடுப்பி இல்லை. வீட்டில் பக்குவப்படுத்தும் வேலையை இது குறைக்கும். ஆனால் சந்தையில் இத்தகைய ரகத்தைத் தனியே பிரித்து வாங்க ஏற்பாடு இல்லாவிடில், இவ்விதையும் மற்றவற்றுடன் கலந்து எண்ணெய் ஆலைக்கே செல்லும்.