அயல்நாட்டு வாடிக்கையாளரிடமிருந்து பணம் பெறும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டிய ஊர்கள் தோல் தொழிலால் உலகறிந்தவை. ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளிலிருந்து காலணியும் பதனிட்ட தோலும் பல நாடுகளுக்குச் செல்கின்றன. பெரிய சரக்கிற்கு வாங்குபவரின் வங்கி எல்.சி. எனப்படும் உறுதிக் கடிதம் தரும். கப்பலில் ஏற்றிய ஆவணங்களை இங்குள்ள வங்கியில் ஒப்படைத்தால் பணம் வந்து சேரும். கன்டெய்னர் கணக்கில் விற்பவருக்கு இது ஏற்ற முறை. நான்கு கிலோ முருங்கை இலைத் தூள் அனுப்பும் உழவருக்கு இது கட்டுப்படியாகாது.

ஆம்பூருக்கு அருகில் முருங்கை பயிரிட்டு, இலையை நிழலில் உலர்த்தித் தூளாக்கி விற்கும் உழவர் ஒருவர் தம் அனுபவத்தை என்னிடம் கூறினார். கனடாவிலிருந்து ஒருவர் 12 பொட்டலங்கள் கேட்டார். உழவர் தம் விற்பனைப் பக்கத்தின் முகவரியை அனுப்பினார். அப்பக்கம் முதலில் கணக்குத் தொடங்கச் சொன்னது. பிறகு 10 இலக்கக் கைப்பேசி எண் கேட்டு, அதற்கு ஓ.டி.பி. அனுப்பியது. கனடா எண்ணுக்கு அது போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டு அவர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். தூளின் தரத்திலோ விலையிலோ குறையில்லை. பணம் செலுத்தும் வழி அடைபட்டிருந்தது, அவ்வளவே.

பதிவும் சான்றுகளும் விற்பவருக்குத்தான் தேவை. ஒரு முறை வாங்க வருபவரைக் கணக்குத் தொடங்கும்படி வற்புறுத்த வேண்டியதில்லை.

எந்த வழிகள் பயன்படா?

வளைகுடா நாடுகளில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு வெஸ்டர்ன் யூனியன் போன்ற பணமாற்று நிலையங்கள் பழக்கமானவை. அத்திட்டம் குடும்பச் செலவு போன்ற சொந்தத் தேவைகளுக்கே உரியது. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முறை என்ற வரம்பும் உண்டு. பொருள் விற்ற பணத்தை அவ்வழியே பெற ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநௌவுடன் நமது யு.பி.ஐ. இணைக்கப்பட்டதும் தனி நபர்களுக்கிடையே பணம் அனுப்புவதற்காகத்தான், வணிகத்திற்கன்று.

கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். அயல்நாட்டு வங்கிக் கணக்கு மட்டும் உள்ளவரால் அதில் பணம் செலுத்த இயலாது. இந்தியாவில் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு வைத்துள்ள நம்மவர்களுக்கு, குறிப்பிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணைக் கொண்டே யு.பி.ஐ. பயன்படுத்த 2023இல் வழி செய்யப்பட்டது. மற்றவர்களுக்கு அது உதவாது.

வங்கி வழியாக நேரடியாக அனுப்பச் சொல்லலாம். ஆனால் சிறிய தொகையானாலும் அனுப்புபவரின் வங்கியும் இடையிலுள்ள வங்கியும் கட்டணம் பிடிக்கும். பெரிய தொகைக்கே அது ஏற்றது.

பணம் செலுத்தும் இணைப்பு

சில்லறை விற்பனைக்கு ஏற்றது, தொகை குறிப்பிட்ட ஓர் இணைப்பை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும் முறையாகும். வாங்குபவர் அதைத் திறந்து, பெயரும் முகவரியும் எழுதி, கார்டு எண்ணைப் பதிந்து பணம் செலுத்திவிடுவார். கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டா. இதை நடத்தித் தரும் நிறுவனங்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31இல் வெளியிட்டது. எல்லை கடந்த பணம் பெற அனுமதி பெற்ற நிறுவனமா என்று முதலில் கேட்டறிக. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது. அயல்நாட்டு வரவுக்குப் பயன்படுகிறது. பல நாடுகளில் பேபால் கணக்கில்லாமலே கார்டு மூலம் அதில் பணம் செலுத்தலாம்.

உழவரிடம் இருக்க வேண்டியவை பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் ஆகியவை. குறியீட்டு எண்ணுக்கு அயல்நாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். பான் எண்ணே குறியீட்டு எண்ணாகக் கிடைக்கும். உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கேட்கப்படும். உள்நாட்டுக் கார்டுகளை ஏற்கும் கணக்கு அயல்நாட்டுக் கார்டுகளையும் தானாக ஏற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

சொந்த விற்பனைப் பக்கம் வைத்திருப்போர், கணக்கில்லாமல் வாங்க அனுமதிக்கும் அமைப்பை அதில் திறந்து வைக்க வேண்டும். கைப்பேசி எண் 10 இலக்கம், பின்கோடு 6 இலக்கம் என்ற கட்டாயத்தையும் நீக்க வேண்டும். சிங்கப்பூர் எண் 8 இலக்கம். அமெரிக்க அஞ்சல் குறியீடு 5 இலக்கம். இங்கிலாந்தில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். இந்தச் சிறு கட்டத்தில் நின்றுபோன விற்பனைகள் பல. எல்லாம் சரிசெய்த பின், அயல்நாட்டிலுள்ள உறவினர் ஒருவரைச் சிறு தொகைக்கு வாங்கச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கட்டணக் கணக்கு

நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் மாறும். எடுத்துக்காட்டாக, 2,000 ரூபாய் விற்பனைக்கு 3 சதவீதம் என்றால் 60 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 10 ரூபாய் 80 காசு. கைக்கு வருவது 1,929 ரூபாய் 20 காசு. நாணய மாற்றில் குறைவதும் உண்டு. இவற்றையும் தபால் செலவையும் சேர்த்தே விலை குறிக்க வேண்டும். இறக்குமதித் தீர்வையை யார் கட்டுவது என்பதையும் இணைப்பு அனுப்பும் முன்பே பேசிக்கொள்க. அமெரிக்காவில் 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தப்பட்டது.

பணம் வந்த பிறகு

கணக்கில் பணம் ஏறியதும் விற்பனை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. கார்டுக்காரர் பொருள் வரவில்லை என்று தம் வங்கியில் முறையிட்டால் பணம் திரும்பப் பிடிக்கப்படும். இதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை காலம் உண்டு. ஆகவே தபால் ரசீது, பொதி எண், பில், உரையாடல் ஆகியவற்றை அதுவரை பத்திரப்படுத்துக. தபால் நிலைய ஏற்றுமதி மையங்களில் ஏற்றுமதிப் பட்டியலைப் பதிந்து அனுப்பினால், அனுப்பியதற்குச் சான்றும் கிடைக்கும். அந்தந்த நாடு அப்பொருளை அனுமதிக்கிறதா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். அந்நியச் செலாவணி வரவுச் சான்றையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்க.

அறிமுகமில்லாத ஒருவர் கேட்ட தொகைக்கு மேல் செலுத்திவிட்டு, மிகுதியை வேறொரு கணக்கிற்கு அனுப்பச் சொன்னால் இணங்க வேண்டாம். திருடிய கார்டில் வந்த பணமாக அது இருக்கலாம். திருப்பித் தருவதாயின், பணம் வந்த அதே கார்டுக்கே நிறுவனத்தின் மூலம் திருப்ப வேண்டும். கார்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் கேட்பதும் கூடாது.

மேற்கூறிய ஆம்பூர் உழவர் இப்போது இணைப்பு அனுப்பியே விற்கிறார். பணம் வந்த பிறகே இலையைத் தூளாக்குவதால் அவரிடம் பழைய இருப்புத் தேங்குவதில்லை.